இருபதாவது சுற்று

அவரை எல்லோரும் நாற்காலிக்காரர் என்றுதான் அழைத்தார்கள். அந்தச் சுரங்கத்தில் மற்றவர்கள் அத்தனை பேரும் நின்றோ குனிந்தோ தவழ்ந்தோ வேலை செய்துகொண்டிருக்க, உட்கார்ந்தே பிழைக்கிற ஒரே ஆள் இவர்தான் என்று யாரோ எப்போதோ கேலியாகச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வீட்டில் மனைவி மட்டும், பேசாமல் அந்த நாற்காலியையே கட்டியிருக்கலாம், துவைத்துப் போட வேண்டிய துணியாவது குறைந்திருக்கும் என்பாள்.

குழியின் வாயிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு கல் கட்டடம். அதற்குள் மேல்மரத்தோடு சேர்த்துப் பத்தடிக் குறுக்களவுள்ள ஓர் இரும்பு உருளை. உருளையின் மேல் மரச்சட்டங்கள் போர்த்தி, அந்த மரத்தின் மேல் கம்பிவடம் வரிவரியாகச் சுற்றியிருக்கும். வடத்தின் மறுமுனை கூரையைத் தாண்டி வெளியே போய், உயரத்தில் இருக்கும் கப்பியில் ஏறிக் குழிக்குள் இறங்கி, ஆட்கள் நிற்கும் கூண்டைத் தாங்கும். உருளை ஒருபக்கம் சுற்றினால் கூண்டு இறங்கும், மறுபக்கம் சுற்றினால் ஏறும். அதைச் சுற்ற வைப்பதும் நிறுத்துவதும் நாற்காலிக்காரரின் வலது கையில் இருக்கும் ஒரு பிடி. அவர் எதிரே இரண்டு முட்கள்: ஒன்று ஆழம் காட்டும், இன்னொன்று பாரம் காட்டும். ஆட்கள் ஏறினால் பாரமுள் எழும், இறங்கினால் படுக்கும். கூண்டுக்குள் இருப்பவர்களைப் பற்றி அவருக்குத் தெரியவந்தது எல்லாம் அந்த முள் சொன்னதுதான். குழி அங்கிருந்து தெரியாது, கூண்டும் தெரியாது. ஆளையே பார்க்காமல் ஆளின் உயிரைக் கையில் வைத்திருப்பது எப்படி இருக்கிறது என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பழகிவிட்டது என்று சொல்லியிருப்பார். பழக்கம் ஒரு பதிலாகாது. ஆனால் அதைச் சொன்ன பிறகு யாரும் மேலே கேட்பதும் இல்லை.

உருளையின் விளிம்பில் ஒரு போல்ட்டின் தலை தேய்ந்து பளபளப்பாகியிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை அது சன்னல் வெளிச்சத்தைக் கடக்கும்போது பளிச்சென்று மின்னும். ஒரு மின்னலுக்கு ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு முப்பத்தொன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. வந்த புதிதில் சணல் கயிற்றைச் சுற்றிப் பிடித்து அளந்தே பார்த்திருக்கிறார். குறுக்களவைப் போல் மூன்று மடங்கும் சொச்சமும் வந்தது. அந்தச் சொச்சம் முடிவே இல்லாமல் நீளும் ஓர் எண் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. ஆனால் வேலைக்கு அது போதுமான இடத்தில் நின்றுகொண்டது. கீழ்த்தளம் முப்பது சுற்று. நடுத்தளம் இருபது சுற்று. ஆழமுள்ளைப் பார்த்து ஓட்ட வேண்டும் என்பதுதான் விதி. அவரும் பார்ப்பார், மேல்வாயிலும் அடியிலும் மட்டும். இடைப்பட்ட வழியெல்லாம் கண் அந்தப் பளிச்சையே எண்ணிக்கொண்டிருக்கும், இறங்கும்போது மேல்வாயிலிருந்து, ஏறும்போது அடியில் உருளை நின்ற நிலையிலிருந்து முழுச் சுற்றாக.

எண்ணுவது அவருக்கு வேலையிடத்தோடு நிற்கவில்லை. சைக்கிளின் பின்சக்கரத்தில் ஒரு ஆரக்கம்பி தளர்ந்து, சுற்றுக்கு ஒருமுறை சட்டத்தில் டிக் என்று தட்டும். அதைச் சரிசெய்ய மாட்டார். சுரங்கத்தின் வாசலிலிருந்து வீட்டுப் படி எத்தனை டிக் என்று அவருக்குத் தெரியும். டயரில் காற்று குறைந்திருக்கும் நாளில் வீடு கொஞ்சம் தூரமாகிவிடும் என்று அவர் சொல்ல, அப்போ காத்தடிச்சு என்னை உங்க பக்கத்துலயே கொண்டுவந்து வெச்சுக்கோங்க என்று மனைவி சிரித்த காலம் ஒன்று உண்டு.

அது தம்பி இருந்த காலம்.

தம்பி நடுத்தளத்தில் வேலை பார்த்தான். காலையில் கூண்டுக்குப் போகிற வழியில் எந்திர அறையின் சன்னலில் தலையை நீட்டுவான். தினமும் ஒரே வார்த்தைதான். "அண்ணே, மெதுவா விடு. நேத்து குடல் வாய்க்கு வந்துருச்சு." இவர் திரும்பிப் பார்க்காமலே, வந்தா மென்னு முழுங்கு என்பார். பிறகு மணி அடிக்கும், பிடியைத் தள்ளுவார், பளிச்சுகளை எண்ணுவார். இருபதாவதில் கூண்டு பூப்போல நிற்கும். பாரமுள் கொஞ்சம் படுக்கும். அந்தக் கொஞ்சத்தில் தம்பியும் ஒருவன்.

ஒருநாள் நடுத்தளத்தின் உட்சுவர் உடைந்து, பழைய குடைவில் தேங்கியிருந்த நீர் பாய்ந்தது. தம்பியும் அவனோடு சேர்ந்தவர்களும் உள்ளேயே சிக்கிக்கொண்டார்கள். நீரை இறைக்க இறைக்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் நடுத்தளத்தின் வாயையே செங்கல் வைத்து அடைத்து, வெள்ளையடித்துவிட்டார்கள். அன்று காலை அவர்களை இறக்கியது நாற்காலிக்காரர்தான். ஏற்ற வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று. அதில் அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை, அப்படி யாரும் சொல்லவும் இல்லை. அதன்பிறகு அவர் யாரையும் தம்பி என்று கூப்பிடுவதில்லை என்பதை மனைவி மட்டும் கவனித்தாள். காய்கறி விற்க வரும் பையனைக்கூட என்னப்பா என்பார், இல்லையென்றால் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்.

ஆண்டுகள் போயின. கூண்டு இப்போது நடுத்தளத்தில் நிற்கத் தேவையில்லை. மேலிருந்து அடிவரை ஒரே ஓட்டம்.

பிறகு உருளையின் மரத்தை மாற்றினார்கள். வடம் அழுத்தி அழுத்திப் பழைய சட்டங்கள் பாளம்பாளமாக வெடித்திருந்தன. ஒரு விடுமுறை நாளில் அவற்றைப் பெயர்த்துவிட்டுப் புதுச்சட்டங்களைப் பூட்டியது ஃபிட்டர். அவன் நாற்காலிக்காரரின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. நல்ல வேலைக்காரன், தன் வேலையைத் தானே புகழ்ந்துகொள்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் இன்னும் நல்ல வேலைக்காரன். ஆழமுள்ளையும் அவனே சரிசெய்து வைத்தான். மேல்வாயும் அடியும் மயிரிழை பிசகவில்லை.

அடுத்த சில வாரங்களில் காலை ஷிஃப்ட் ஆட்களின் முகம் மாறியது. இன்னதென்று யாரும் நாற்காலிக்காரரிடம் சொல்லவில்லை. சன்னலைக் கடக்கும்போது வழக்கமாக வரும் கேலி வரவில்லை, அவ்வளவுதான். ஒரு காலை, மணி அடிக்க வேண்டிய நேரத்தில் மணி அடிக்கவில்லை. பாரமுள் எழாமலே கிடந்தது. ஆட்கள் குழிவாயில் நின்றுகொண்டு கூண்டில் ஏற மறுக்கிறார்கள் என்று தெரிந்தபோது, மேனேஜர் தொப்பியை மாட்டிக்கொண்டே ஓடுவதைச் சன்னல் வழியாகப் பார்த்தார்.

மேனேஜர் அவரை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். சத்தம் போடுகிற ஆள் இல்லை. கூண்டு இறங்கும்போது ஓரிடத்தில் தயங்குகிறதாம். நிற்பதில்லை, மூச்சுப் பிடிப்பதுபோல் வேகம் தளர்ந்து பிறகு போகிறதாம். அடைத்த வாய்க்கு இரண்டு ஆள் உயரம் கீழே, வெறும் பாறைக்கு எதிரே. ஏறும்போதும் தயங்குகிறதாம், ஆனால் அதே இடத்தில் இல்லை, அடைத்த வாய்க்கு ஓர் ஆள் உயரம் மேலே. உள்ளே அடைபட்டவன் வெளியே வந்து குழியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறான் என்று பேச்சு. மேனேஜர் இந்தக் கடைசி வாக்கியத்தை வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். பிரேக், கப்பி, வழித்தண்டவாளம் எல்லாம் பார்த்தாயிற்று, பழுதில்லை. மாலை ஷிஃப்டில் வேறு ஆள் ஓட்டுகிறார், அங்கே இந்தப் புகார் இல்லை.

நாற்காலிக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. தான் எங்கேயும் தளர்த்துவதில்லை என்றார். அது உண்மை என்று அவர் நம்பினார்.

"உங்க மேல சந்தேகம்னு சொல்லல. திங்கக்கிழமை காலையில நானே அவங்களோட கூண்டுல இறங்கறேன். வழியில எங்கயாவது தயங்குச்சுன்னா, அந்த நாற்காலியில வேற ஆளை உக்கார வெக்கறதத் தவிர எனக்கு வழி இல்ல."

அவர் தலையசைத்துவிட்டு எழுந்து வந்தார். வேலை போய்விடும் என்பது அவரை அவ்வளவு உறுத்தவில்லை. ஸ்டோரிலோ வாசலிலோ வேறு ஏதாவது கொடுப்பார்கள். அந்த நாற்காலி போவதுதான் உறுத்தியது. தினமும் ஒருமுறை இறங்கும்போதும் ஒருமுறை ஏறும்போதும் தம்பி இருக்கும் இடத்தை அவர் கடந்து போய்வந்துகொண்டிருந்தார். உலகத்தில் அவனுக்கு அவ்வளவு பக்கத்தில் போக அவருக்கு வேறு வழி கிடையாது. இந்த எண்ணத்தை அவர் இதற்கு முன் வார்த்தையாக்கிப் பார்த்ததில்லை. போகப்போகிறது என்றபோது அதுவே வார்த்தையாகி வந்து நின்றது.

அன்று மாலை சைக்கிளை எடுத்தபோது பின்சக்கரம் வேறாக இருந்தது. மனைவி மத்தியானம் ஃபிட்டரை விட்டுப் பழைய டயரைக் கழற்றிப் புதிதாகத் தடித்த டயர் ஒன்றைப் போட்டுவைக்கச் சொல்லியிருந்தாள். வழுக்கை டயரில் போய் விழுந்து வைத்தால் யார் பார்ப்பது என்பது அவள் கவலை. ஆரக்கம்பி மட்டும் அதே டிக். அவர் எதையோ யோசித்துக்கொண்டே மிதித்தார், மனம் ஒருபக்கம், எண்ணிக்கை ஒருபக்கம்.

எண்ணிக்கை முடிவதற்கு முன்பே வீடு வந்துவிட்டது.

கால் நிற்கவில்லை. படியில் மனைவி நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தார். ஆனாலும் கால் மிதித்துக்கொண்டே போனது. மிச்சமிருந்த டிக்குகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசி டிக் விழுந்தபோது கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது. எதிரே யாரோ ஒருவருடைய காம்பவுண்டுச் சுவர். சன்னல் இல்லை, கதவு இல்லை, வெறும் சுவர். அதன்முன் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார், வீடு வந்துவிட்ட மனிதனைப்போல.

வெறும் சுவர். வெறும் பாறை.

மனைவி ஓடி வந்தாள். "என்னங்க, வீட்டைத் தாண்டிப் போறீங்க? யாரைப் பாக்க?"

அவர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் தம்பியை வரச் சொல் என்றார்.

ஃபிட்டர் வந்தபோது நாற்காலிக்காரர் சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்து ஒரு டப்பாவின் மேல் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். என்ன மாமா, இந்த வயசுல பட்டம் விடப் போறீங்களா என்று கேட்டுக்கொண்டே வந்தவன், அவர் கேட்ட கேள்வியில் சிரிப்பை நிறுத்தினான். புதுச்சட்டம் பழையதைவிட எவ்வளவு கனம்? ஒரு அங்குலம் என்றான். பழையது நசுங்கித் தேய்ந்திருந்தது, புதியது முழுக்கனம். அதனால் என்ன, ஆழமுள்ளைத்தான் மாற்றி வைத்தாயிற்றே.

முள் சரி என்றார் நாற்காலிக்காரர். நான் முள்ளைப் பார்ப்பதில்லை, சுற்றை எண்ணுகிறேன் என்றார். சொல்லும்போதே கூசியது.

ஃபிட்டர் அவர் கையிலிருந்த டப்பாவை வாங்கினான். சுற்றிவர ஓர் அங்குலம் கனம் கூடினால் குறுக்களவு இரண்டு அங்குலம் கூடும், சுற்றளவு அதைப்போல் மூன்று மடங்கும் சொச்சமும், அதாவது ஆறேகால் அங்குலம் கூடும். நாற்காலிக்காரர் உருளையின் பத்தடியை வைத்துப் பெரிய பெருக்கல் ஒன்றைத் தொடங்கியிருந்தார். ஃபிட்டர் அதெல்லாம் வேண்டாம் என்று கையைக் காட்டினான்.

"உருளை எவ்வளவு பெருசுன்னே தெரிய வேணாம் மாமா. இந்த டப்பாவுக்கும் ஆறேகால்தான், உங்க உருளைக்கும் ஆறேகால்தான். பூமியைச் சுத்தி ஒரு அங்குலம் ஒட்டுனாலும் அதே ஆறேகால்தான்."

நாற்காலிக்காரர் அதை நம்புவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. டப்பாவின் மேல் தடித்த துணியைச் சுற்றி அளந்தார், பிறகு குடத்தின் மேல் அதே துணியைச் சுற்றி அளந்தார். நூல் இரண்டிலும் ஒரே அளவுதான் நீண்டது. பெரிதென்றும் சிறிதென்றும் பார்க்காமல் கூடுகிற ஒன்று இருக்கிறது என்பது அவருக்கு ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஒவ்வொரு சுற்றிலும் அவ்வளவு வடம் கூடுதலாக இறங்கும், இருபது சுற்றுக்கு ஆறேகால் ஆறேகாலாக நூற்றிருபத்தைந்து அங்குலம். பத்தடிக்கும் கொஞ்சம் மேல். இரண்டு ஆள் உயரம். ஏறும்போது அடியிலிருந்து நடுத்தளத்துக்குப் பத்தே சுற்று. பாதி. ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல். ஓர் ஆள் உயரம்.

இறங்கும்போது இரண்டு ஆள் கீழே, ஏறும்போது ஓர் ஆள் மேலே. குழியில் உலவியது எதுவோ, அதற்குச் சுற்றை எண்ணத் தெரிந்திருந்தது.

ஃபிட்டர் மெதுவாக நூலைச் சுற்றி வைத்தான். இருபதாவது சுற்றில் அங்கே என்ன மாமா என்று கேட்க வாயெடுத்தவன், அக்காவின் முகத்தைப் பார்த்துக் கேட்காமல் விட்டான். நாற்காலிக்காரர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை ஆண்டுகளாக அந்தக் கை இருபதாவது பளிச்சில், தம்பி இறங்குவதற்காக, கொஞ்சம் தளர்ந்து வந்திருக்கிறது. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். மனிதன் தன்னை அறிவது பெரிய காரியம் என்கிறார்கள். தன் கையைக்கூட அறியாமல் ஒரு வாழ்க்கையை ஓட்டிவிடலாம் என்பதுதான் பெரும்பாலும் நடப்பது.

போகும்போது ஃபிட்டர், அடைத்த வாய் இப்போது எங்கே வரும் என்பதையும் சொல்லிவிட்டுப் போனான். இருபதாவது சுற்று முடிவதற்கு மூன்றில் ஒரு பங்கு சுற்று முன்னால்.

அடுத்தநாள் சுரங்கத்துக்கு விடுமுறை. நாற்காலிக்காரர் மணிக்காரர் வீட்டுக்குப் போனார். கூண்டுக்குள் ஆட்களோடு நின்று, கதவைத் திறந்து மூடி, மணிக்கயிறு இழுப்பவர் அவர். இருவரும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மணிக்காரர் முற்றத்தில் கிழிந்த செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தார். நாற்காலிக்காரர் மூட்டையை அவிழ்ப்பதுபோல் எல்லாவற்றையும் சொன்னார்: சைக்கிள், சட்டம், ஆறேகால் அங்குலம், தன் கை. குழியில் ஆவி எதுவும் இல்லை, தயங்கியது தன் கைதான், ஆட்களிடம் சொல்லிவிடுங்கள், இனி தயங்காது என்றார்.

மணிக்காரர் தையலை விடாமலே கேட்டார். பிறகு ஊசியைச் செருப்பில் குத்தி நிறுத்தினார்.

"உன் கைதான்னு எங்களுக்குத் தெரியாதா என்ன?"

நாற்காலிக்காரருக்கு முதலில் புரியவில்லை.

"செங்கல் வெச்ச மறுநாள்லேருந்தே தெரியும்யா. வெள்ளையடிச்ச வாசல் வரும்போது லேசா ஒரு தளர்ச்சி. நெருங்குன மனுசன் வீட்டைத் தாண்டிப் போகும்போது கதவை ஒரு தட்டு தட்டிட்டுப் போற மாதிரி. புதுசா வர்றவனுக்குக்கூட நான் சொல்லிவெப்பேன், பயப்படாத, மேல அண்ணன்காரன் இருக்கான்னு."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொன்னா நிறுத்திருவே." மணிக்காரர் மறுபடி ஊசியை எடுத்தார். "எங்களை இறக்கறவனுக்குக் கூண்டுக்குள்ள ஆளு இருக்கறது ஞாபகம் இருக்குன்னு எங்களுக்கு அது ஒண்ணுதான்யா அடையாளம். அதான் அது பாறைக்கு எதிர்ல போய் தயங்குனதும் எல்லாரும் ஏற மாட்டேன்னுட்டாங்க. பாறையில உனக்கு என்ன இருக்கு? அப்போ இது உன் கை இல்லன்னு ஆயிருச்சு."

திங்கட்கிழமை மேனேஜர் கூண்டில் வருகிறார் என்றார் நாற்காலிக்காரர். தளர்ந்தால் நாற்காலி போய்விடும்.

தளராவிட்டால் ஆட்கள் என்ன நினைப்பார்களோ தெரியாது என்றார் மணிக்காரர். அவர் யார் பக்கமும் பேசவில்லை. நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். இனி தயங்காது என்றாய், அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றது உன் கையின் பாடு என்று முடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை உருளையின் விளிம்பில், பளபளத்த போல்ட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தார் நாற்காலிக்காரர். இருபதாவது பளிச்சுக்கு முன் அந்தக் கோடு சன்னலைக் கடக்கும்போது கூண்டு தம்பியின் வாசலில் இருக்கும். அப்போதுதான் கையைக் காவல் காக்க வேண்டும். எங்கே தளரக் கூடாது என்று தெரிந்துகொள்வதற்காகப் போட்ட கோடு. அப்படித்தான் அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார்.

மணி அடித்தது. பாரமுள் எழுந்தது, வழக்கத்தைவிட ஓர் ஆள் கனம் அதிகமாக. பிடியைத் தள்ளினார். உருளை முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. பளிச். பளிச். பதினைந்தில் இடது கையைக் கொண்டுவந்து வலது மணிக்கட்டின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார், சேட்டைக்காரப் பிள்ளையைப் பிடிப்பதுபோல. பதினெட்டு. பத்தொன்பது. வெள்ளைக்கோடு சன்னல் வெளிச்சத்தில் ஏறியது. மணிக்கட்டுக்குள் ஏதோ ஒன்று திரும்பிப் பார்த்தது. அவர் விடவில்லை. கோடு கடந்தது. இருபதாவது பளிச் மின்னிக் கடந்தது. பாரமுள் ஓர் இம்மியும் அசையவில்லை, உருளையின் முனகல் ஒரே சுருதியில் போய்க்கொண்டிருந்தது. வேகம் தளர்ந்திருந்தால் இரண்டும் காட்டிக்கொடுத்திருக்கும்.

அடியில் கூண்டு அமர்ந்ததும் மணி வந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்தார். தம்பியை முதன்முறையாக முழுவேகத்தில் கடந்து போயிருந்தார். சாலையில் தெரிந்தவனைப் பார்த்தும் பாராமல் போனவனுக்கு இருக்கும் கூச்சம் அவருக்கு இருந்தது.

மேனேஜர் முற்பகலிலேயே ஏறி வந்து, சன்னல் அருகே நின்று தொப்பியைக் கழற்றினார். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டே இறங்கினாராம். வெண்ணெயில் கத்தி போவதுபோல் போயிற்று, எங்கேயும் தயக்கம் இல்லை என்றார். ஆட்கள் வீணாக மிரண்டிருக்கிறார்கள், நாற்காலி உங்களுடையதுதான் என்றார். நாற்காலிக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார்.

ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் ஏறி வந்தார்கள். ஏறும்போதும் அவர் கையைக் காவல் காத்தார். குழிவாயிலிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்டது, பல வாரங்களுக்குப் பிறகு. சன்னலைக் கடந்த ஒருவன், நாற்காலிக்கு ஆணி அடிச்சாச்சா அண்ணே, இனி எந்திரிக்க வேண்டாம் என்றான். கடைசியாக மணிக்காரர் வந்தார். கரி படிந்த முகத்தில் பல் தெரிந்தது.

"கெட்டிக்காரன்யா நீ. சரியா அவன் வாசல்லயே தட்டுனே, போகும்போதும் வரும்போதும். பக்கத்துலயே நிக்கறாரு மேனேஜர், அவருக்கு ஒண்ணும் தெரியல பாரு."

நாற்காலிக்காரர் அவரையே பார்த்தார். நிஜமாகவா என்று கேட்டார். எல்லோருக்குமா தெரிந்தது என்று கேட்டார்.

"எல்லாருக்கும்தான். வெள்ளைச்சுவரு வருது, முழங்கால் லேசா மடங்குது, நிமிருது. இத்தன வருசமா மடங்கற கால் பொய் சொல்லுமா?"

சொல்வதற்கு இருந்தது ஒரே வாக்கியம், அதைச் சொன்னால் மறுநாள் காலை பாரமுள் எழுமா என்பது அவருக்குத் தெரியவில்லை. கால்கள் தாங்களே மடங்கியிருக்கும், அவர் கை இத்தனை காலம் தானே தளர்ந்ததுபோல. அப்படித்தான் இருக்க வேண்டும். கணக்கு அங்கேயும் ஒத்துத்தான் வருகிறது. ஆனாலும் வீட்டுக்குப் போகிற வழியில், தயங்கியது கையும் இல்லை கூண்டும் இல்லை என்றால் இத்தனை பேர் சேர்ந்து உணர்ந்த அந்தத் தயக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே மிதித்தார். டிக் எண்ண மறந்து, வீட்டுப் படியில் வந்து சரியாக நின்றார்.

அதற்குப் பிறகு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது அவர் கை எங்கேயும் தளர்ந்ததில்லை. வாசலில் தட்டிவிட்டுத்தான் போகிறோம் என்று ஆட்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். புதிதாக வந்தவர்களும் சில நாளில் அதையே சொன்னார்கள்.

சுண்ணக்கோட்டை அவர் அழிக்கவில்லை. மங்கினால் மேலே இழுத்துவிடுவார். ஒவ்வொரு காலையும் ஆட்களை இறக்குவதற்கு முன் வெறுங்கூண்டை ஒருமுறை அடிவரை விட்டு ஏற்றிப் பார்க்க வேண்டும் என்பது விதி. வழி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. அந்த ஓட்டத்தில் எவ்வளவு மெதுவாகவும் போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள். மெதுவாக விடுவார். பத்தொன்பது பளிச் முடிந்து வெள்ளைக்கோடு சன்னலுக்கு வரும்போது பிடியைப் பூப்போல இழுப்பார். கூண்டு அடைத்த வாயின் எதிரே வந்து நிற்கும். ஓர் ஆள் காலெடுத்து வைத்து உள்ளே ஏறி, கதவைச் சாத்திக்கொள்வதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நிறுத்தி வைத்திருப்பார். மணி அடிக்காது. அடிக்காது என்பது அவருக்குத் தெரியும்.

பிறகு கூண்டை நகர்த்துவார். உருளையைப் பார்த்துக்கொண்டு, கோட்டைப் பார்த்துக்கொண்டு, ஆழமுள்ளைப் பார்த்துக்கொண்டு. பாரமுள்ளின் பக்கம் மட்டும் திரும்ப மாட்டார்.